“எல்லாம் போச்சு!” என்று போன் போடும் முன்: கணினித் திரையிலும் இணையத்திலும் காணாமல் போனதைத் தேடும் வழி

எங்கள் உறவில் யாருடைய கணினி மக்கர் செய்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். அந்தப் போனின் முதல் வாக்கியமும் பெரும்பாலும் ஒன்றுதான்: “எல்லாம் போச்சு!” பெரியப்பாவும் ஒருநாள் அப்படித்தான் ஆரம்பித்தார்.

“திரையில இப்போ என்ன தெரியுது பெரியப்பா?”

“ஒண்ணுமே தெரியலப்பா.”

“கறுப்பா இருக்கா?”

“கறுப்பு இல்ல. ஒரு மலை, ஒரு ஏரி. அவ்வளவுதான்.”

அந்த மலையும் ஏரியும் டெஸ்க்டாப்பின் பின்னணிப் படம். அவர் அடித்துக்கொண்டிருந்த கடிதம் பத்திரமாக, திரையின் அடியில் ஒரு சின்ன ஐகானாகச் சுருங்கிக் கிடந்தது. இருபது நிமிடம் பேசினோம். தீர்வு என்னவோ ஒரே கிளிக். மீதி நேரமெல்லாம் அவர் எதைப் பார்க்கிறார் என்று எனக்கும், நான் எதைச் சொல்கிறேன் என்று அவருக்கும் புரிவதற்கே போய்விட்டது.

கணினி எதையும் அவ்வளவு சுலபமாகத் தொலைப்பதில்லை. எங்காவது ஒளித்து வைக்கும். ஒளித்த இடத்தின் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதனால் கீழே ஒவ்வொரு கோளாறையும் ஒட்டி அந்தந்த இடத்தின் பெயரும் வரும். முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை; உங்கள் புலம்பல் எந்தத் தலைப்போடு ஒத்துப்போகிறதோ அங்கே நேராகப் போகலாம். சொல்லியிருப்பவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

கீபோர்டு பற்றி ஒரு குறிப்பு. “விண்டோஸ் கீ + டி” என்றால் முதல் கீயை அமுக்கியபடியே இரண்டாவதை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தமிழில் சொன்னால் ஆங்கிலத்தின் நான்காவது எழுத்தும் இருபதாவது எழுத்தும் காதில் ஒன்றாகவே விழுகின்றன. போனில் இதனால் பட்ட அவஸ்தை போதும். எனவே இங்கே “டாக் டி”, “டைகர் டி” என்றே எழுதுகிறேன்.

## “டெஸ்க்டாப்பில் இருந்த ஐகான் எதுவும் காணோம்”

டெஸ்க்டாப் என்பது மேசைப் பரப்பு. காகிதம், ஃபோல்டர், குப்பைக்கூடை எல்லாவற்றையும் ஒரு மேசைபோலத் திரையில் காட்டலாம் என்ற எண்ணத்தை 1981-ல் ஜெராக்ஸ் தன் ஸ்டார் கணினியில் விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. இன்றும் நாம் உட்கார்ந்திருப்பது அதே மேசையின் முன்தான்.

முதலில், காலி இடத்தில் ரைட் கிளிக் செய்யுங்கள். அதாவது மவுஸின் வலப்பக்கப் பொத்தான். வரும் பட்டியலில் “வியூ” என்பதன் மேல் போனால் “ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்” என்று ஒரு வரி இருக்கும். அதன் பக்கத்தில் டிக் இல்லையென்றால் ஒரு கிளிக் செய்து டிக் வர வையுங்கள். பத்தில் எட்டுப் பேருக்கு, என் அனுபவத்தில், இத்தோடு முடிந்துவிடும்.

முடியவில்லையா? ஒன்டிரைவ் என்ற மேகச் சேமிப்பு உங்கள் டெஸ்க்டாப்பைத் தன் ஃபோல்டருக்குள் இழுத்துக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் கீ + இ அமுக்கினால் ஃபைல் எக்ஸ்புளோரர் திறக்கும். இடப்பக்கம் ஒன்டிரைவ் என்று இருப்பதைத் திறந்து, உள்ளே டெஸ்க்டாப் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள்.

இன்னொன்று சற்றுக் கவனமாகப் பார்க்க வேண்டியது. பின்னணிப் படமும் மாறி, எல்லாமே புதுக் கணினிபோல் தெரிந்து, தற்காலிகக் கணக்கில் நுழைந்திருப்பதாக ஒரு செய்தியும் வந்தால் அங்கே எதையும் சேமிக்காதீர்கள். வெளியேறும்போது அதெல்லாம் அழிந்துவிடும். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். பழைய டெஸ்க்டாப் பெரும்பாலும் திரும்பிவிடும்.

## “திறந்து வைத்திருந்தது திடீரென்று மறைந்துவிட்டது”

பெரியப்பாவின் கேஸ் இதுதான். ஒவ்வொரு விண்டோவின் வலது மேல் மூலையிலும் மூன்று குறிகள் இருக்கும். கோடு என்றால் மினிமைஸ், கீழே இறக்கி வைப்பது. சதுரம் மேக்சிமைஸ், திரை முழுக்க விரிப்பது. பெருக்கல் குறி மூடுவது. கோட்டை அமுக்கினால் எதுவும் மூடப்படுவதில்லை. திரையின் அடியில் ஓடும் பட்டைக்கு டாஸ்க்பார் என்று பெயர். விண்டோ அங்கே போய் உட்காரும். திறந்திருக்கும் நிரல்களின் ஐகானுக்குக் கீழே ஒரு சின்னக் கோடு இருப்பதைக் கவனியுங்கள். அதைக் கிளிக் செய்தால் மறுபடி மேலே வரும்.

டாஸ்க்பாரில் தேடவே சோம்பலாக இருந்தால் ஆல்ட் கீயை அமுக்கியபடி டேப் கீயைத் தட்டுங்கள். திறந்திருப்பவை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். வேண்டியதன் மேல் வந்ததும் ஆல்ட்டை விடலாம். எனக்கு ஒரே ஒரு குறுக்குவழிதான் சொல்லித்தர அனுமதி என்றால் இதைத்தான் சொல்வேன்.

எல்லா விண்டோவும் ஒரேயடியாக மறைந்தால், வலது கீழ் மூலையின் கடைக்கோடியில் மவுஸ் தெரியாமல் பட்டிருக்கும். அங்கே எல்லாவற்றையும் ஒதுக்கி டெஸ்க்டாப்பைக் காட்டும் பொத்தான் ஒன்று ஒளிந்திருக்கிறது. விண்டோஸ் கீ + டாக் டியும் அதே வேலைதான். மறுபடி ஒருமுறை அமுக்கினால் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

டாஸ்க்பாரில் ஐகான் இருக்கிறது, கிளிக் செய்தாலும் விண்டோ வரவில்லை என்றால் அது திரைக்கு வெளியே நிற்கிறது. இரண்டாவது மானிட்டரைக் கழற்றியவர்களுக்கு இது அடிக்கடி வரும். ஐகானை ஒருமுறை கிளிக் செய்துவிட்டு, விண்டோஸ் கீ + இடது அம்புக்குறியை இரண்டு மூன்று முறை அமுக்குங்கள்.

பிரவுசரில் ஒரு டேப்பை மட்டும் தவறி மூடிவிட்டீர்களா? விண்டோ என்பது முழு நோட்டு, டேப் அதன் ஒரு பக்கம். கண்ட்ரோல் + ஷிப்ட் + டைகர் டி. கடைசியாக மூடிய பக்கம் திரும்ப வரும். மறுபடி அமுக்கினால் அதற்கு முந்தையதும் வரும்.

## “பக்கம் பூதாகரமாகிவிட்டது”, “மேல் பட்டையே இல்லை”, “திரை படுத்துவிட்டது”

எழுத்து பெரிதாகிவிட்டதென்றால் கண்ட்ரோல் கீயில் விரல் இருந்தபோது மவுஸ் சக்கரம் உருண்டிருக்கும். பிரவுசரில் கண்ட்ரோல் + 0 போதும். பிரவுசரின் மேல் பட்டையும் டாஸ்க்பாரும் சேர்ந்து காணாமல் போனால் எஃப்11. திரையின் ஒரு பகுதி மட்டும் பூதக்கண்ணாடியில் பார்ப்பதுபோல் நகர்ந்தால் விண்டோஸ் கீ + எஸ்கேப். காட்சி பக்கவாட்டில் திரும்பியிருந்தால் டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அங்கே ஓரியன்டேஷன் என்பதை லேண்ட்ஸ்கேப் ஆக்குங்கள். கழுத்தைச் சாய்த்து மவுஸை ஓட்டுவது கொஞ்சம் சர்க்கஸ்தான், பொறுமையாகச் செய்யுங்கள்.

## “சேமித்தேன், இப்போது ஃபைல் இல்லை”

இதுதான் பெரிய தலைவலி, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

ஃபைலுக்குப் பெயர் வைத்தீர்கள், சரி. எந்த ஃபோல்டரில் வைத்தீர்கள்? “சேவ்” அமுக்கும்போது திறக்கும் பெட்டியின் மேல்புறத்தில் ஃபோல்டரின் பெயர் எழுதியிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. கடைசியாக எங்கே சேமித்தீர்களோ அதே இடத்தைத்தான் அந்தப் பெட்டி பல நேரம் காட்டும். நேற்று பென்டிரைவில் சேமித்திருந்தால் இன்றைய ஃபைலும் பென்டிரைவுக்கே போயிருக்கலாம். பென்டிரைவைக் கழற்றிவிட்டு, ஃபைலைக் காணோம் என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்?

எனவே எந்த நிரலில் உருவாக்கினீர்களோ அதையே திறந்து, “ஃபைல்” மெனுவில் “ரீசன்ட்” அல்லது “ஓப்பன்” பட்டியலைப் பாருங்கள். அண்மையில் தொட்டவை அங்கே இருக்கும். ஃபைல் பெயர்மேல் மவுஸை வைத்து நிறுத்தினால் அது குடியிருக்கும் ஃபோல்டரும் பெரும்பாலும் தெரியும்.

இணையத்திலிருந்து இறக்கியது என்றால் பிரவுசரில் கண்ட்ரோல் + ஜே. இறக்கிய எல்லாம் தேதி வாரியாக வரும். தனியாக இடம் சொல்லாவிட்டால் அவை “டவுன்லோட்ஸ்” ஃபோல்டருக்குத்தான் போகும். ஒரே ஃபைலை நாலு தடவை இறக்கிவிட்டு, நாலாவதையும் காணோம் என்று புலம்பியவர்களை எனக்குத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே பெயர், பின்னால் 1, 2, 3 என்று எண்கள் மட்டும் ஏறியிருக்கும்.

மெயிலில் வந்த ஃபைலை அங்கேயே திறந்து, அரை மணி நேரம் திருத்தி, சேவ் செய்து மூடுவது ஒரு தனி வலை. மெயில் நிரல் அதைத் தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் திறந்து வைத்திருக்கும். திருத்தமும் அங்கேயே போய்விடும். மெயிலைத் திரும்பத் திறந்தால் பழைய ஃபைல்தான் சிரிக்கும். வந்ததை முதலில் டாகுமென்ட்ஸில் சேமித்துவிட்டு, அப்புறம் அங்கிருந்து திறந்து திருத்துங்கள்.

சேமிக்காமலே வேர்டை மூடிவிட்டீர்கள் என்றால் ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாகுமென்ட், ரெகவர் அன்சேவ்டு டாகுமென்ட்ஸ் என்று வரிசையாகப் போய்ப் பாருங்கள். வேர்டு, நாம் மாற்றாதவரை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தனக்காக ஒரு நகல் எடுத்து வைக்கும்.

ஃபோல்டரை மவுஸால் இழுத்துப் பக்கத்து ஃபோல்டருக்குள் தெரியாமல் போட்டிருந்தால் உடனே கண்ட்ரோல் + இசட். எழுத்துப் பிழைக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். இடம் மாற்றியதையும் அழித்ததையும்கூட இது திரும்பக் கொண்டுவரும். நேரம் கடந்துவிட்டால் ரீசைக்கிள் பின்னைத் திறந்து, ஃபைல்மேல் ரைட் கிளிக் செய்து “ரீஸ்டோர்”. ஆனால் பென்டிரைவிலிருந்து அழித்தது அந்தக் கூடைக்கு வராது. ஷிப்ட் + டெலீட் அமுக்கி அழித்ததும் வராது. அப்படி நடந்துவிட்டால் அந்த டிரைவில் புதிதாக எதையும் எழுதாமல் தனியே எடுத்து வையுங்கள். மேலே வேறொன்று எழுதப்படாதவரை மீட்பு மென்பொருளுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது.

## “நான் ஒன்று அடிக்கிறேன், வேறொன்று வருகிறது”

தமிழில் எழுதுபவர்களுக்குத் தினமும் நடப்பது. ஆங்கிலத்தில் பாஸ்வேர்டு போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு தமிழ் எழுத்தை அடித்துக்கொண்டிருப்போம். பெட்டியில் புள்ளிகளாகத்தான் தெரிவதால் கண்ணுக்கும் தட்டுப்படாது. டாஸ்க்பாரின் வலக்கோடியில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இப்போது எந்த மொழி என்று காட்டும். விண்டோஸ் கீ + ஸ்பேஸ் பார் மொழியை மாற்றும்.

மெயில் முகவரியில் ‘அட்’ குறி போட்டால் இரட்டை மேற்கோள் குறி வருகிறதா? கீபோர்டு கெட்டுப்போகவில்லை. அமெரிக்கக் கீபோர்டுக்குப் பதில் பிரிட்டிஷ் கீபோர்டு என்று அமைப்பில் இருக்கிறது. அந்த இரண்டு குறிகளும் அவற்றில் இடம் மாறி இருக்கும். அதே விண்டோஸ் கீ + ஸ்பேஸ் பாரில் சரியானதைத் தேர்ந்தெடுங்கள்.

வலப்பக்கம் எண் கீகள் தனியாக இல்லாத சில பழைய லேப்டாப்களில் ஜே, கே, எல் அடித்தால் 1, 2, 3 வரும். “நம்லாக்” (Num Lock) என்ற எண் பூட்டு விழுந்திருக்கிறது, அந்தக் கீயை ஒருமுறை தட்டுங்கள். நடுவில் ஒரு எழுத்தைச் சேர்த்தால் அடுத்த எழுத்தைத் தின்றுவிடுகிறது என்றால் இன்சர்ட் கீயை ஒருமுறை தட்டுங்கள். கீயை வெகுநேரம் அமுக்கிப் பிடித்தால்தான் எழுத்து விழுகிறது என்றால் ஃபில்டர் கீஸ் என்ற வசதி தானாக இயங்கியிருக்கிறது. வலது ஷிப்ட்டில் கை வைத்தபடியே யோசித்துக்கொண்டிருந்தீர்களா? எட்டு விநாடி அதை அமுக்கினால் அந்த வசதி வந்து நிற்கும். மறுபடி எட்டு விநாடி அமுக்கினால் போய்விடும். கை நடுக்கம் உள்ளவர்களுக்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. மற்றவர்களுக்குப் பேய் பிடித்ததுபோல் இருக்கும்.

பழைய தமிழ் ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டுகிறது என்பவர்களுக்கு: ஃபைல் கெடவில்லை. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொது முறையான யூனிகோடு புழக்கத்துக்கு வருவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தது அது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடுதான்; எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டியது. அதே எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம். யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. அதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

## “அப்படியே உறைந்துவிட்டது”

கேப்ஸ் லாக்கை ஒருமுறை தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைகிறதென்றால் கணினிக்கு உயிர் இருக்கிறது, ஒரு நிரல் மட்டும் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு நிமிடம் சும்மா இருங்கள். நூறு முறை கிளிக் செய்தால் அந்த நூறும் வரிசையில் நின்று, விழித்ததும் ஒவ்வொன்றாக நிறைவேறும். அப்புறம் கண்ட்ரோல் + ஷிப்ட் + எஸ்கேப். டாஸ்க் மேனேஜர் திறக்கும். “நாட் ரெஸ்பாண்டிங்” என்று இருக்கும் நிரலைத் தேர்ந்தெடுத்து “எண்ட் டாஸ்க்” கொடுங்கள். அதில் சேமிக்காதது போகும், மற்றவை பிழைக்கும்.

திரை மட்டும் கறுப்பாகி, மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டால் விண்டோஸ் கீ + கண்ட்ரோல் + ஷிப்ட் + பி. ஒரு பீப் ஒலியோடு காட்சி திரும்ப வர வாய்ப்புண்டு. பவர் பொத்தானைப் பத்து விநாடி அமுக்குவது கடைசி ஆயுதம்.

## “நெட் இல்லை”

நெட் இல்லை என்று சொல்பவர்கள் குறைந்தது மூன்று வெவ்வேறு விஷயங்களைச் சொல்கிறார்கள். வைஃபை என்பது உங்கள் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள ரேடியோ இணைப்பு, அவ்வளவுதான். இணையம் ரவுட்டருக்கு அப்பால் தொடங்குகிறது. கணினிகளின் பெரிய வலைப்பின்னல் அது. வலைப்பக்கங்கள் அதன்மேல் ஓடும் ஒரு சேவை மட்டுமே. 1989-ல் டிம் பெர்னர்ஸ்-லீ அந்தச் சேவையை முன்மொழிந்தபோது இணையம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. எனவே வைஃபை முழு வேகத்தில் இருந்தும் இணையம் இல்லாமல் போகலாம். இணையம் இருந்தும் ஒரு தளம் மட்டும் திறக்காமல் இருக்கலாம். எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதலில் வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள். அது திறந்தால் உங்கள் நெட்டில் குறையில்லை.

எதுவுமே திறக்கவில்லை என்றால் அதே வைஃபையில் மொபைலை இணைத்துப் பாருங்கள். இங்கே ஒரு விஷயம்: மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் போன் சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவி, “போன்ல வருதே, கம்ப்யூட்டர்தான் கோளாறு” என்று உங்களைத் தப்பான தெருவில் நடக்கவிடும். நானே இதில் ஒருமுறை ஒரு மணி நேரம் சுற்றியிருக்கிறேன்.

மொபைலில் வருகிறது, கணினியில் மட்டும் இல்லை என்றால் கடிகாரத்தின் பக்கத்தில் இருக்கும் ஐகானைப் பாருங்கள். விமானப் படம் இருந்தால் ஏரோபிளேன் மோடு விழுந்திருக்கிறது. கிளிக் செய்து எடுத்துவிடுங்கள். உலக உருண்டை இருந்தால் இணையம் வந்து சேரவில்லை என்று பொருள். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். போதாவிட்டால் ரீஸ்டார்ட்.

இரண்டிலுமே இல்லை என்றால் ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ பிரச்சினை. பிரவுசரின் அட்ரஸ் பாரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 அடித்துப் பாருங்கள். சரியான எண் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். அந்தப் பக்கம் திறந்தால் நீங்கள் ரவுட்டர் வரை நன்றாகப் போய்ச் சேர்கிறீர்கள், அதற்கு மேல்தான் அறுந்திருக்கிறது. ரவுட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, முப்பது விநாடி விட்டு, திரும்பப் போடுங்கள். விளக்குகள் நிலைக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஆனால் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்குமே, அதில் கை வைக்காதீர்கள். அது ரீசெட், உங்கள் பாஸ்வேர்டு உள்பட எல்லா அமைப்பையும் துடைத்துவிடும். அப்புறம் சேவை நிறுவனத்துக்குப் போன் செய்து காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

நெட் இருக்கிறது, ஆனால் ஊர்ந்து போகிறது என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 100 எம்பிபிஎஸ் என்று விற்பது மெகாபிட். டவுன்லோடு பெட்டி காட்டுவது மெகாபைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஆக 100 எம்பிபிஎஸ் இணைப்பில் விநாடிக்கு 12.5 மெகாபைட்தான் உச்சம். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

## “பக்கம் திறக்கவில்லை, ஏதோ எண் வருகிறது”

404 வந்தால் சந்தோஷப்படுங்கள். நீங்கள் அந்தத் தளத்தின் சர்வர், அதாவது பக்கங்களை வைத்திருந்து அனுப்பும் கணினி, வரை போய், அது “இங்கே அப்படி ஒரு பக்கம் இல்லை” என்று பதிலும் சொல்லியிருக்கிறது. நெட் நன்றாக இருக்கிறது. முகவரியில் எழுத்துப் பிழை இருக்கும், அல்லது பக்கத்தை அவர்கள் எடுத்திருப்பார்கள். 403 என்றால் பக்கம் இருக்கிறது, உங்களுக்கு அனுமதி இல்லை. 500, 502, 503 எல்லாம் அவர்கள் பக்கக் கோளாறு. நீங்கள் ரவுட்டரைக் கழற்றி மாட்டிப் புண்ணியமில்லை. அரை மணி கழித்து வாருங்கள்.

குரோமில் டைனோசர் வந்து நின்றால் எண்ணே தேவையில்லை. இணையம் இல்லை, மேலே உள்ள பகுதிக்குப் போங்கள்.

சர்வரின் ஐபி முகவரி கிடைக்கவில்லை என்று வந்தால், நீங்கள் அடித்த பெயருக்கு உரிய எண் கிடைக்கவில்லை என்று அர்த்தம். கணினிகளுக்கு எண்தான் முகவரி. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் ஏற்பாடு டிஎன்எஸ்; 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது. பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். புள்ளிக்குப் பதில் கமா விழுந்திருப்பது ரொம்ப சகஜம்.

பெயர் என்றதும் ஒன்று. பலர் தளத்தின் முகவரியைத் தேடுபொறியில் அடித்து, வரும் முடிவுகளில் முதலாவதைக் கிளிக் செய்கிறார்கள். அந்த முதலாவது விளம்பரமாக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். பிரவுசர் என்பது வண்டி. தேடுபொறி வழி கேட்கும் இடம். போக வேண்டிய முகவரி கையில் இருக்கும்போது வழி கேட்பானேன்? மேலே உள்ள அட்ரஸ் பாரில் நேரடியாக அடியுங்கள். போன பிறகு பெயரைப் படியுங்கள். நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் முன்னால் வந்து பெயர் பின்னால் வருகிறதே, அதுபோலத்தான். “வங்கி.எக்ஸாம்பிள்.நெட்” என்றால் உரிமையாளர் எக்ஸாம்பிள்.நெட், வங்கி என்பது அவர் தன் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொண்ட இனிஷியல்.

தளம் திறக்கிறது, ஆனால் பழைய விவரத்தையே காட்டுகிறதென்றால் கண்ட்ரோல் + எஃப்5. வேகத்துக்காகப் பிரவுசர் பத்திரப்படுத்தி வைத்த நகலை, அதாவது கேஷை, ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாங்கி வரும். ஒவ்வொரு முறையும் லாகின் கேட்கிறதென்றால், உங்களை அடையாளம் காணத் தளம் பிரவுசரில் விட்டுவைக்கும் சின்னக் குறிப்பான குக்கீ தடுக்கப்பட்டிருக்கும், அல்லது மூடியதும் அதையெல்லாம் மறந்துவிடும் இன்காக்னிட்டோ விண்டோவில் நீங்கள் இருக்கிறீர்கள்.

## “பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கிறது”

எல்லாத் தளத்துக்கும் இப்படி வந்தால், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். வேடிக்கை இல்லை. பாதுகாப்பான தளங்கள் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கும். அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். உங்கள் கணினி ஐந்து வருடம் பின்னால் நின்றால் எல்லாச் சான்றிதழும் அதற்குச் செல்லாதவையே. தேதியைத் திருத்துங்கள். மேசைக் கணினியில் ஒவ்வொரு முறை மின்சாரத்தைத் துண்டித்துப் போட்டதும் தேதி பின்னால் போனால் உள்ளே நாணயம்போல் இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர்2032 வகை, மாற்றுவது சுலபம்.

ஒரே ஒரு தளத்துக்கு மட்டும் வந்தால் கோளாறு அந்தத் தளத்தில். பாஸ்வேர்டு, அட்டை எண் எதையும் போடாமல் திரும்பிவிடுங்கள். மாறாக, எச்சரிக்கை வரவில்லை என்பதாலேயே தளம் யோக்கியமானது என்றும் ஆகாது. பூட்டுக் குறி சொல்வது, நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்று மட்டும்தான். வாங்கிக்கொள்பவன் திருடனா என்று அதற்குத் தெரியாது. அந்தக் குழப்பத்தினாலேயே குரோம் 2023-ல் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறு ஐகான் வைத்தது.

## “வைரஸ் வந்துவிட்டது என்று கத்துகிறது”

சிவப்புத் திரை, சைரன் ஒலி, “உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்”. அந்தப் போன் எண்ணே போதும், போலி என்று சொல்ல. தன்னுடைய எச்சரிக்கைகளில் போன் எண் வராது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. அது வெறும் வலைப்பக்கம். திரையை முழுக்க அடைத்துக்கொண்டு பயம் காட்டுகிறது. எஸ்கேப் கீயைச் சில விநாடி அமுக்கிப் பிடியுங்கள், அப்புறம் ஆல்ட் + எஃப்4. மசியவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடியுங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இன்னொரு வகை, வலது கீழ் மூலையில் நாளெல்லாம் எட்டிப்பார்க்கும் சின்னப் பெட்டிகள். எப்போதோ ஒரு தளம் “நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா?” என்று கேட்டு, நீங்கள் “அலோ” அமுக்கியிருப்பீர்கள். பிரவுசரின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று தேடுங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். பெயரே கேள்விப்படாதவற்றை நீக்கிவிடுங்கள். என் சித்தியின் பட்டியலில் நாற்பதுக்கு மேல் இருந்தன.

## இதெல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால்

தெரிந்தவருக்குப் போன் செய்யுங்கள். ஆனால் அதற்கு முன் மூன்று விஷயங்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: கோளாறு வருவதற்குச் சற்று முன் கடைசியாக என்ன செய்தீர்கள், எந்த நிரலில் இருந்தீர்கள், திரையில் வந்த செய்தி சொல்லுக்குச் சொல் என்ன. “ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு, மூடிட்டேன்” என்றால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

படம் அனுப்புவது இன்னும் சுலபம். விண்டோஸ் கீ + ஷிப்ட் + எஸ் அமுக்கி, வேண்டிய பகுதியை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தால் படம் நகலாகிவிடும். மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ கண்ட்ரோல் + வி கொடுத்து ஒட்டலாம். நெட்டே இல்லாதபோது மொபைலில் போட்டோ எடுத்தாலும் சரிதான். எடுக்கும்போது முழுத் திரையும் விழட்டும். எல்லாரும் எச்சரிக்கைப் பெட்டிக்கு மட்டும் நெருங்கிப்போய் எடுக்கிறார்கள். எனக்கு முதலில் வேண்டியதோ வலது கீழ் மூலையில் இருக்கும் தேதியும், அதன் பக்கத்தில் அந்த வைஃபை ஐகானும்.